வலது பக்கத்துப் பெண்

மெல்பேர்னின் மல்கிரேவில் நாங்கள் குடியிருந்த வீடு குளிர்காலத்தில் ஒருநாளும் சூடாக இருந்ததில்லை. வடக்குப் பார்த்த வீடு, இந்த நாட்டில் அதற்குத்தான் நல்ல வெயில் வரும் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் அடுத்த வளவில் ஒரு பெரிய யூக்கலிப்டஸ் மரம் நின்றது. வருகிற வெயிலை அது எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்களுக்கு அனுப்பும். ஜூன் பிறந்துவிட்டால் குசினிக்குள்ளும் கம்பளிச் சட்டையோடுதான் நிற்போம். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த விஷயத்தில் குளிருக்கும் ஒரு பங்கு உண்டு. முழுப் பழியும் என்மேல் விழுவது நியாயம் இல்லை.

கலா, நான் தமிழில் எழுதுவதை நீங்கள்தான் ஆங்கிலத்துக்கு மாற்றப்போகிறீர்கள் என்று டிடெக்டிவ் சொன்னார். எனக்குச் சந்தோஷம். தொண்ணூற்று நாலாம் ஆண்டு என் மனைவி விமலாதேவியின் மரண விசாரணையிலும் நீங்கள்தான் பக்கத்துக் கதிரையில் இருந்து எனக்காக மொழிபெயர்த்தீர்கள். அன்றைக்கு நான் பேசியது மிகக் கொஞ்சம். "தெரியாது", "விளங்கவில்லை" என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். அதை நீங்கள் என்னைவிட நன்றாகச் சொன்னீர்கள். ஓரிடத்தில் உங்கள் குரல் உடைந்தது. அதற்காக நான் வெட்கப்பட்டேன், இப்போதும் வெட்கப்படுகிறேன். எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆம்ஸ்டர்டாமில் ஒரு வருடம் படித்தவன் நான். டச்சு மொழிகூட எழுத்துக் கூட்டி வாசிப்பேன்.

என் பெயர் அரியரத்தினம். பழைய எண்ணெய் வர்ண ஓவியங்களைச் செப்பனிடுவது என் தொழில். கொழும்பில் ஒரு நூதனசாலையில் வேலை பார்த்தேன். ஆம்ஸ்டர்டாமுக்குப் புலமைப்பரிசிலில் அனுப்பியவர்களும் அவர்கள்தான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நானும் விமலாவும் மெல்பேர்ன் வந்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இங்கே பெரிய கலைக்கூடங்களில் எனக்கு வேலை கிடைக்கவில்லை. நல்ல தேநீர் தந்து, சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தார்கள். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வீட்டுக் கராஜைப் பட்டறையாக மாற்றினேன். ஐம்பதுகளில் கப்பலேறி வந்த டச்சுக் குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. துணிப்பெட்டியோடு தங்கள் கொள்ளுத்தாத்தாக்களையும் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களே என் வாடிக்கையாளர்கள்.

அந்தப் படங்களில் இருப்பவர்கள் ராஜாக்கள் அல்ல, வியாபாரிகள். கோப்பி, சீனி, புகையிலை, அவுரி விற்றவர்கள். நான் விரும்பிச் செய்தவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டவை. ஹாலந்தைப் பிடித்து ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். துறைமுகத்தில் கப்பல் குறைந்துவிட்டது, பழைய பவிசு போய்விட்டது. என்றாலும் ஓவியன் முன்னால் போய் உட்காருவதை இவர்கள் நிறுத்தவில்லை. கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைத் துணிக்கட்டு, பின்னால் மண்ணிறச் சுவர். அடுத்த மாதம் கடனில் மூழ்கி வங்குரோத்தாகப் போகிறவன்கூட வயிறாரச் சாப்பிட்டு எழுந்தவன் முகத்தோடு இருப்பான். முகத்திலிருந்து ஒன்றும் வெளியே கசியாது. எனக்கு அவர்களைப் பிடிக்கும். என்னையும் அப்படித்தான் சொல்வார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கலியாணம் ஆனதும் கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று ஒரே அளவில் இரண்டு படம் எழுதுவிப்பார்கள். சுவரில் நாங்கள் பார்க்கும்போது கணவன் இடது பக்கம், மனைவி வலது பக்கம். அவன் சற்று வலப்புறம் திரும்பியிருப்பான், அவள் சற்று இடப்புறம். நடுவில் ஒரு கணப்போ கதவோ இருக்கும். அதைத் தாண்டி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இருநூறு வருடமாக. பிள்ளைகள் சொத்துப் பிரிக்கும்போது சிலசமயம் ஜோடியையும் பிரித்துவிடுவார்கள். தனியாக ஒரு வலது பக்கத்துப் பெண் ஏலக்கடையில் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பொறுக்காது. பக்கத்தில் ஆள் இல்லாமல் யாரையோ பார்த்துக்கொண்டிருப்பாள்.

என் வேலைமுறையையும் சொல்லவேண்டும். இற்றுப்போன கன்வாஸுக்குப் பின்னால் புதிய லினன் துணி ஒன்றை வைத்து ஒட்டுவது. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்து உருக்கி, பின்பக்கம் முழுவதும் தடவி, இஸ்திரிப் பெட்டியால் மெதுவாகத் தேய்த்தால் மெழுகு இழைக்குள் இறங்கி இரண்டு துணியும் ஒன்றாகிவிடும். இதற்கு டச்சு முறை என்றே பெயர். நான் ஆம்ஸ்டர்டாமில் கற்றுக்கொண்டு திரும்பிய காலத்திலேயே இளைஞர்கள் இதைக் குறை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே போன மெழுகை ஒருபோதும் வெளியே எடுக்க முடியாது, வர்ணம் கறுத்துப்போகும், செய்ததைப் பிறகு அவிழ்க்க முடியாத எந்த வேலையும் செய்யக்கூடாது என்பது அவர்கள் கட்சி. அவிழ்ந்துபோகக்கூடிய ஒன்றை எதற்கு ஒட்டுவது என்று எனக்குத் தோன்றும். பட்டறையிலிருந்து குங்கிலிய வாசம் வீடு முழுக்கப் பரவும். வருகிறவர்கள் எங்கள் வீட்டில் எந்நேரமும் பூசை நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

விமலாவை நான் நன்றாக வைத்திருந்தேன். இதை யாரையும் கேட்டுப் பார்க்கலாம். குரல் உயர்த்தியதில்லை, கை நீட்டியதில்லை. அவள் நேர்சிங் ஹோமில் வயதானவர்களைப் பார்க்கும் வேலைக்குப் போனபோது நானே காரில் கொண்டுபோய் விட்டு, நானே போய் ஏற்றிவருவேன். தொலைபேசியைக் கராஜில் வைத்திருந்தேன், அவளுக்குத் தொல்லை வேண்டாம் என்று. யாராவது அழைத்தால் நான் பேசிவிட்டு, முக்கியமானால் சொல்வேன். என்ன சேலை எந்த விசேஷத்துக்கு என்பதையும் நானே எடுத்துவைப்பேன். நிறம் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. பிறகு என்னிடம் சொல்லாமல் கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தாள். அது எனக்கு அவமானமாக இருந்தது. என்றாலும் வாழ்த்தினேன்.

தொண்ணூற்று மூன்றில் அவள் பின்னறைக்கு மாறினாள். நான் குறட்டை விடுகிறேன் என்று காரணம் சொன்னாள். அது சின்ன அறை. கதவைத் திறந்தால் நேரே கட்டில், இடது பக்கச் சுவரில் ஒரு ஜன்னல், சுவரின் மேலும் கீழும் காற்று வருவதற்காக விட்ட இரண்டு துவாரங்கள். இந்த ஊரின் பழைய வீடுகளில் அப்படி இருக்கும். அடுத்த ஏப்ரலில் அந்த அறைக்கு ஒரு காஸ் ஹீட்டர் வைத்துக் கொடுத்தேன். அவள் கேட்டு அல்ல, நானாகவே. பொருத்த வந்த வெள்ளைக்காரர் வேலையை முடித்துவிட்டு அந்தத் துவாரங்களைக் காட்டி, இவற்றை எக்காரணம் கொண்டும் அடைக்கக்கூடாது என்றார். எனக்கு ஆங்கிலம் போதாது என்று எண்ணியோ என்னவோ, இரண்டு விரலால் தன் மூக்கைப் பொத்தி, கண்ணை மூடி, தலையைச் சரித்துக் காட்டினார். அவ்வளவு நடிப்புத் தேவையில்லை. முதல் வாக்கியத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. விமலா அப்போது வேலையில் இருந்தாள். வந்ததும் ஹீட்டர் வேலை செய்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அதே மாதம் ஜன்னல் சட்டங்களுக்கும் வர்ணம் பூசினேன். மழை ஈரத்தில் மரம் உளுத்துப்போகும். பின்னறை ஜன்னலுக்கு இரண்டு பூச்சு. காய்வதற்குள் மூடிவிட்டேன் போலிருக்கிறது, ஒட்டிக்கொண்டுவிட்டது. குளிர்காலம் வருகிறதுதானே, யார் திறக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மே மாதத்தில் ஒருநாள் விமலா சொன்னாள். "இஞ்சேருங்கோ, அந்த ரெண்டு ஓட்டையாலையும் குளிர் அடிக்குது. ஹீட்டர் போட்டும் போடாத மாதிரித்தான். எதையாவது வைச்சு அடைச்சுவிடுங்கோவன்."

"பாப்பம்" என்றேன். பார்க்கவில்லை. அந்த நேரத்தில் என் மனதில் ஒன்றும் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. தயவுசெய்து இதை விடாமல் மொழிபெயருங்கள்.

மே முடியும்போது மிஸிஸ் டெ ஹான் வந்தார். ரோவிலில் தனியாக இருந்த விதவை, எண்பதை நெருங்கியவர். தன் தாய்வழி வந்த ஒரு ஜோடியைக் கொண்டுவந்தார். ரொட்டர்டாம் சீனி வியாபாரி ஒருவரும் அவர் மனைவியும். ஆண் படத்தின் பின்பக்கம் ஆயிரத்து எண்ணூற்றுப் பதினேழு என்று எழுதியிருந்தது. நல்ல கனத்த மனிதர், கையில் மடித்த காகிதம். மனைவி லேஸ் தொப்பியும் தோளில் காஷ்மீர்ச் சால்வையுமாக இருந்தாள். வார்னிஷ் பழுத்து இருவரும் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தார்கள். மிஸிஸ் டெ ஹான் நாற்பது வருடமாக அவர்களைத் தன் கட்டிலுக்கு எதிரே மாட்டி வைத்திருந்தாராம். புருஷன் செத்த பிறகு தனக்குத் துணை அவர்கள்தான் என்றார். அழுக்கை எடுத்து, பின்னால் பலப்படுத்தித் தந்தால் போதும், தன் காலத்துக்குப் பிறகு மகளுக்குக் கொடுக்கவேண்டும் என்றார்.

ஆண் படம் சுலபம். பெண் படத்தில் வார்னிஷை எடுக்கும்போது இடது ஓரத்தில், மண்ணிறச் சுவருக்கு அடியில், வேறு ஒரு நிறம் எட்டிப் பார்த்தது. பஞ்சில் மருந்து தொட்டுக் கவனமாக ஒரு தீப்பெட்டி அளவுக்குத் துடைத்தேன். வெளிறிய நீலம். அதற்குக் கீழே சாம்பல் பச்சை. வானமும் தண்ணீரும். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் இருந்திருக்கிறது. ஓவியன் எழுதிய ஜன்னல். பின்னால் வந்த யாரோ அதன்மேல் சுவரைப் பூசியிருக்கிறார்கள். கன்வாஸின் நெசவைப் பார்த்தேன், ஆண் படத்தின் நெசவு அல்ல. எழுதிய கையும் வேறு. பத்துப் பதினைந்து வருடம் முந்திய படமாக இருக்கவேண்டும். இருவரும் கணவன் மனைவியே அல்ல. ஏதோ ஒரு பட வியாபாரி, தனிப்படமாக நின்ற பெண்ணின் ஜன்னலை மூடி, அளவுக்கு வெட்டி, இவருக்குப் பக்கத்தில் வைத்து ஜோடி என்று விற்றிருக்கிறான்.

விமலா பட்டறைக்குள் வரமாட்டாள், மணம் ஒத்துக்கொள்ளாது. அன்றைக்குத் தேநீர் கொண்டுவந்தவள் கோப்பையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். மேசை விளக்கு அந்தத் துண்டு வானத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"இந்தப் பொம்பிளை புருசனைப் பாக்கேல்லை" என்றாள். "வெளியாலை பாக்கிறா."

எனக்கு அதுவரை அது படவில்லை. நெசவையும் வர்ணத்தையும் பார்த்துக்கொண்டிருந்த நான் பார்வை எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. இருபத்தைந்து வருடத் தொழிலில் என்னிடம் இல்லாத கண் அவளுக்கு எப்படி வந்தது என்று எரிச்சலாக இருந்தது.

"மிச்சத்தையும் துடைச்சுவிடுங்கோ" என்றாள். "பாவம், எவ்வளவு காலமா உள்ளுக்கை இருக்கிறா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து, கோப்பைகளைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "நான் நார்த்மீட்டுக்குப் போறன். நாகலட்சுமியோடை இருக்கப்போறன். பரமட்டாவிலை ஒரு நேர்சிங் ஹோமிலை வேலை எடுத்திட்டன்." நாகலட்சுமி அவள் தங்கை, சிட்னியில் இருப்பவள்.

"எவ்வளவு நாளைக்கு?"

"திரும்பி வாற எண்ணம் இல்லை."

"நீர் யோசிச்சு முடிச்சிட்டீரோ?"

"ஓம்."

எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் என்று கேட்டேன். "நீங்கள் கெட்டவர் இல்லை. ஆனா எனக்கு என்ன வேணும் எண்டு ஒருநாளும் நீங்கள் கேட்டதில்லை" என்றாள். ஜூலை நடுவில் ஒரு சனிக்கிழமைக்கு விமான டிக்கெட் எடுத்திருந்தாள். அதுவரை வீட்டுவேலை எல்லாம் வழக்கம்போலச் செய்வாள் என்றும் சொன்னாள். செய்தாள். அந்த நாட்களில் அவள் முகம் தெளிந்திருந்தது. குசினியில் ஏதோ முணுமுணுத்துப் பாடுவதைக்கூடக் கேட்டேன். பதினைந்து வருடக் கலியாணத்தில் அவள் பாடி நான் கேட்டதில்லை. எனக்கு மிகவும் துக்கமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. முகத்திலிருந்து கசிய விடுவது என் வழக்கம் இல்லை.

நான் படத்துக்குத் திரும்பினேன். துடைத்த இடத்தில் மறுபடி மண்ணிறச் சுவரைப் பூசினேன். பிறகு வருகிறவன் சுலபமாகத் துடைக்கக்கூடிய வர்ணத்தால்தான் திருத்தவேண்டும் என்பது எங்கள் தொழில் தர்மம். நான் நல்ல எண்ணெய் வர்ணத்தால் பூசினேன். பழைய சுவரின் வெடிப்புகள் எப்படி ஓடினவோ அப்படியே ஊசிமுனையால் கீறிவிட்டேன். மூட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. என் கைவேலையில் அதுதான் மிகச் சிறந்தது. பிறகு மெழுகும் குங்கிலியமும் உருக்கி, இரண்டு படங்களுக்கும் ஒரே சுருளிலிருந்து லினன் வெட்டி, பின்னால் ஒட்டினேன். மிஸிஸ் டெ ஹானுக்கு என்ன தேவையோ அதைக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லி எண்பது வயதுக் கிழவியின் கட்டிலுக்கு எதிரே இரண்டு அந்நியர்களை மாட்டிவைப்பதில் யாருக்கு லாபம்?

பானையில் மெழுகு மிஞ்சியிருந்தது. லினனும் இரண்டு துண்டு மிஞ்சியிருந்தது.

அவள் சொன்னது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது, ஒருநாளும் கேட்டதில்லை என்று. நான் கேட்காவிட்டாலும் அவளாக என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள். நான்தான் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். அவள் போகிற வாரம் புதன்கிழமை, அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பின்னறைக்குப் போய் அந்த இரண்டு துவாரங்களையும் அடைத்தேன். லினனை அளவாக வெட்டி, மெழுகில் தோய்த்து, இஸ்திரிப் பெட்டியால் ஓரங்களைப் படியவைத்தேன். சுவரின் நிறத்திலேயே ஒரு பூச்சும் கொடுத்தேன். அவசர வேலை என்று யாரும் சொல்ல முடியாது.

மாலையில் வந்தவள் தன் அறைக்குள் போய், சிறிது நேரத்தில் குசினிக்கு வந்தாள். "அடைச்சுப்போட்டியள்! இப்பதான் அறை அறையா இருக்கு" என்றாள். "தாங்ஸ்." பிறகு எனக்கு இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அந்த வருடம் முழுவதும் அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே இதமான சொல் அது. நான் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை எதிரே இருந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நான் சொன்னால் அவள் சனிக்கிழமை போய்விடுவாள். சொல்லாவிட்டால் அவள் இங்கே என்னோடு, நன்றியோடு இருப்பாள். அந்த நேரத்தில் எனக்கு அவள் நன்றிதான் பெரிதாகப் பட்டது.

வியாழக்கிழமை காலை கதவைத் தட்டினேன். திறந்தேன். அறை நல்ல சூடாக இருந்தது. நான் எதையும் தொடவில்லை. தொடுவதற்கு முன் இருந்த நிலையைப் பதிவுசெய்யவேண்டும் என்பது என் தொழிலில் முதல் பாடம். ஹீட்டரை மட்டும் நிறுத்திவிட்டு வெளியே வந்து ஆம்புலன்ஸை அழைத்தேன். காஸ் நச்சில் அவள் முகம் சிவந்து, நல்ல நிறமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் பெண் பார்க்கப் போன அன்றைக்குப் பிறகு அப்படி ஒரு நிறத்தில் நான் அவளைப் பார்த்ததில்லை.

மிச்சம் உங்களுக்குத் தெரியும், கலா. வெப்ப நாட்டிலிருந்து வந்தவர்கள், இந்த ஊர் வீடுகளின் அமைப்புத் தெரியாமல், குளிருக்குப் பயந்து துவாரங்களை அடைத்துவிடுகிறார்கள் என்று விசாரணை செய்தவர் சொன்னார். அப்படி முன்பும் நடந்திருக்கிறதாம். காஸ்காரர் வந்து தான் எச்சரித்ததாகச் சொன்னார். இவருக்கு அது விளங்கியிருக்காது என்றும் அவரே சேர்த்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அறியாமையால் நேர்ந்த விபத்து என்று முடித்தார்கள். அந்தத் துணியையும் மெழுகையும் யாரும் இரண்டாம் தரம் பார்க்கவில்லை. கறுத்த மனிதன் ஒருவன் கையில் கிடைத்ததை வைத்து ஓட்டையை அடைத்திருக்கிறான், அவ்வளவுதான் அவர்களுக்கு.

நாகலட்சுமி சிட்னியிலிருந்து வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், நீங்கள் தெரியாமல் செய்ததுக்கு உங்களை வருத்தாதையுங்கோ" என்று அழுதாள். அக்கா திரும்பி வராத எண்ணத்தோடு புறப்பட்டாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. என் மரியாதையைக் காப்பாற்றுகிறாள் என்று எண்ணியிருப்பாள். மாதக்கணக்கில் வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது. எல்லோரும் அதையே சொன்னார்கள். தெரியாமல், தெரியாமல், தெரியாமல். தமிழ்ச் சங்கத்தின் பாஸ்கர், நம் சனங்களுக்கு ஒரு பாடமாக இருக்கட்டும் என்று என்னை ஞாயிற்றுக்கிழமை வானொலியில் பேச வைத்தார். நான் பேசினேன். துவாரங்களை அடைக்காதீர்கள், ஆங்கிலம் விளங்காவிட்டால் இன்னொருவரிடம் கேளுங்கள் என்றேன். அதைக் கேட்டு எத்தனையோ வீடுகளில் துணியையும் பேப்பரையும் பிடுங்கி எறிந்திருப்பார்கள். அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செத்தவீடு முடிந்து இரண்டு வாரத்தில் படங்களை ரோவிலுக்குக் கொண்டுபோய் நானே மாட்டிக் கொடுத்தேன். ஆண் இடது, பெண் வலது. மிஸிஸ் டெ ஹான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். மனைவியின் முகம் கொஞ்சம் கறுத்துவிட்டதே என்றார். மெழுகு அப்படித்தான் என்றேன். என் துக்கம் அவருக்குத் தெரியும். "என்றாலும் பார், எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் அவரை" என்று என் தோளைத் தட்டினார். நான் அங்கே அழுதேன். அது ஒன்றுதான் நான் அழுதது.

போன மாதம் சிட்னியிலிருந்து ஒரு இளம்பெண் தொலைபேசியில் அழைத்தாள். மிஸிஸ் டெ ஹான் எப்போதோ போய்விட்டார், அவர் மகள் படங்களை ஒரு கலைக்கூடத்துக்குக் கொடுத்திருக்கிறாள். இந்தப் பெண் அங்கே செப்பனிடுகிறவள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஈயம் கலந்த வெள்ளை எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். வானம், தண்ணீர், ஒரு பாய்மரம், எல்லாம் தெரிகிறதாம். யாரோ ஒருமுறை ஒரு மூலையைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் மூடியிருக்கிறார்கள், உங்களிடம் வந்தபோது எப்படி இருந்தது என்று மரியாதையாகக் கேட்டாள். பழைய ஆட்கள் யாராவது தெரியாமல் செய்திருப்பார்கள் என்றேன். வாய்க்குப் பழகிய சொல், தானாக வந்தது.

அவள் சிரித்தாள். "தெரியாமலா? இல்லை சார். மூடியவருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. வெடிப்புகளைக்கூட விடவில்லை. பயங்கரமான வேலை, ஆனால் எவ்வளவு நல்ல கை" என்றாள். உள்ளே மெழுகு இறங்கியிருப்பதால் அந்த ஜன்னலை இனி யாராலும் முழுசாகத் திறக்க முடியாது என்றும் வருத்தப்பட்டாள்.

பதினைந்து வருடம் எல்லோரும் என்னை அறியாதவன் என்று சொல்லி மன்னித்திருந்தார்கள். முதல்முறையாக ஒருத்தி நான் செய்ததைச் சரியாகப் பார்த்தாள். தொலைபேசியை வைத்த பிறகு எனக்கு ஒருவித ஆறுதலாக இருந்தது. அதனால்தான் பொலிஸுக்கு வந்தேன். மனச்சாட்சி என்று எழுதவேண்டாம், அது மிகையாக இருக்கும்.

டிடெக்டிவ் கேட்டதற்குப் பதில் இது. காஸ்காரர் சொன்னது எனக்கு விளங்கியது. துவாரங்களை அடைத்தால் என்ன நடக்கும் என்று தெரியும். ஜன்னல் ஒட்டியிருந்தது என்று தெரியும், புதன்கிழமை அதைத் தள்ளிப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். தெரிந்துதான் அடைத்தேன். விமலாதேவியைக் கொன்றது நான்தான்.

ஆனால் அவர் சொன்ன இன்னொன்றை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்றைக்குப் பொலிஸ் எடுத்த படத்தை இன்று எனக்குக் காட்டினார். அவள் கட்டிலில் இல்லை. ஜன்னலுக்குக் கீழே முழந்தாளில் சரிந்திருக்கிறாள். ஒரு கை சட்டத்தின் விளிம்பில் இருக்கிறது. நகத்தில் வெள்ளை வர்ணம் இருந்ததாக அறிக்கையில் எழுதியிருக்கிறதாம். அவள் வெளியே போகப் பார்த்தாள், கடைசிவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்கிறார் அவர். அவர் நல்ல மனிதர், ஆனால் படம் பார்க்கத் தெரியாதவர். தனியாக எடுத்துவைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கலா, அவருக்கு விளங்கும்படி சொல்லுங்கள். இன்று காலை இங்கே என்னையும் ஒரு படம் எடுத்தார்கள். அதை இடது பக்கம் வைத்து, இதை வலது பக்கம் வைக்கச் சொல்லுங்கள். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.